வைத்தியம் படிக்கப் போகும் பிள்ளை பச்சை குத்தலாமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நாம் வியாபாரிகள். அமானிதம் என்றால் இன்னதென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஊருக்குப் பயணமாகிற ஒருவர் தம் பெட்டியை நம் கடையில் ஒப்படைத்துவிட்டுப் போனால், அவர் திரும்பி வருமட்டும் அதைப் பூட்டி வைக்கிறோம். ஈரம் படாமல் பார்க்கிறோம். எலி கடிக்காதபடி உயரத்தில் ஏற்றுகிறோம். கயிறு இற்றுப்போனால் வேறு கயிறு மாற்றிக் கட்டவும் செய்வோம். ஆனால் அழகாயிருக்கும் என்று எண்ணி அதன்மேல் நம் கடை முத்திரையைக் குத்துவதில்லை. பெட்டி நம்முடையதல்லவே! இந்த உடம்பும் அல்லாஹுத்தஆலா நம்மிடம் ஒப்படைத்த பெட்டிதான். இதை எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறோம், தலையையும் ஆட்டியிருக்கிறோம். ஆனால் ஒரு வாலிபப் பிள்ளை எதிரே நின்று, "என் கையில் நான் பச்சை குத்திக்கொண்டால் என்ன?" என்று கேட்டுவிட்டால், அமானிதம் நம் ஞாபகத்துக்கு வருவதில்லை, கோபந்தான் வருகிறது.

அப்படிக் கேட்ட ஒரு பிள்ளையை முன்னிட்டே இந்த மாதம் எழுதுகிறோம். பெயர் வேண்டாம். நம் கூட்டத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை, மருத்துவக் கலாசாலையில் இடம் கிடைத்திருக்கிறது. அவனுடைய வாப்பா நெஞ்சுவலியில் மௌத்தானார். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கடைசியாக எடுத்த இ.சி.ஜி. தாளைப் பிள்ளை வாங்கி வைத்திருக்கிறான். அந்தத் தாளிலுள்ள துடிப்புக் கோட்டை அப்படியே தன் முன்கையின் உட்புறத்தில் பச்சையாகக் குத்திக்கொள்ள ஆசைப்படுகிறான். "நாளை நான் டாக்டராகி ஒரு நோயாளியைத் தொடும்போதெல்லாம் என் வாப்பாவின் நெஞ்சுத் துடிப்பு என் கண்ணில் பட வேண்டும்" என்கிறான்.

இதைக் கேட்ட பெரியவர்களில் ஒருவர், "இது ரௌடிகளின் வேலை" என்றார். இன்னொருவர், "உளூ கூடாது, தொழுகை ஏறாது" என்றார். மூன்றாமவர், "எந்த ஆஸ்பத்திரியிலும் உன்னை உள்ளே விடமாட்டான்" என்றார். மூன்றும் அரைகுறைப் பதில்கள். படித்த பிள்ளை, மூன்றையும் ஒரு நிமிஷத்தில் உடைத்துவிட்டான். உடைந்ததும் நம்மவர் குரல் உயர்ந்தது. பிள்ளை ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். தகப்பனை இழந்த பிள்ளையை இப்படி எழுப்பி அனுப்புவது நமக்கு அழகல்ல, சகோதரர்களே.

முதலில் மார்க்கம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். நாம் ஆலிமல்ல, மத்ரஸாவில் ஓதியதையும் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்ததையும் சொல்லுகிறோம்.

பச்சை குத்துகிறவரையும் குத்திக்கொள்ளுகிறவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஸஹீஹான கிதாபுகளிலும் வந்திருக்கும் செய்தி. அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சபதமிட்டதை ஸூரத்துன் நிஸாவின் 119ஆம் வசனத்தில் காண்கிறோம். பெண்களுக்குத்தானே அந்த ஹதீது என்று சிலர் வாதிப்பதுண்டு. அக்காலத்து அரபு நாட்டில் அதை அதிகமாகச் செய்தவர்கள் பெண்கள். அதனால் பேச்சு அவர்களைக் குறித்து வந்தது. சட்டம் இருபாலாருக்கும் ஒன்றே என்று இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே ஆசைக்காகப் பச்சை குத்துவது கூடாது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்த ஹதீதோடு சேர்ந்து வரும் சம்பவத்தையும் சொல்ல வேண்டும். இப்னு மஸ்ஊது (ரலி) அவர்கள் இந்தச் சாபத்தை எடுத்துச் சொன்னபோது, பனூ அஸத் கூட்டத்தைச் சேர்ந்த உம்மு யஃகூப் என்ற பெண்மணி அவர்களிடம் நேரே வந்துவிட்டார். "குர்ஆன் முழுவதும் ஓதியிருக்கிறேன், நீங்கள் சொல்லுவதை அதில் நான் காணவில்லையே" என்ற கருத்தில் கேட்டார். அவர்கள் விரட்டினார்களா? இல்லை. ரஸூல் கொடுத்ததை எடுத்துக்கொள்ளும்படி ஏவும் வசனத்தைக் காட்டி விளக்கினார்கள். அம்மாது அதோடும் விடவில்லை. "உங்கள் வீட்டிலேயே உங்கள் மனைவி இதில் சிலதைச் செய்கிறார் போலும்" என்றார். "போய்ப் பாரும்" என்று வீட்டைத் திறந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தார், ஒன்றும் காணவில்லை.

வீட்டைத் திறந்து காட்டும் தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்த ஹதீதில் பச்சையோடு கூடவே புருவ ரோமத்தைப் பிடுங்குவதும், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒட்டுமுடி வைப்பதும் வேறு அறிவிப்புகளில் இதே வரிசையில் வருகிறது. நம் வீட்டுக் கலியாணத்துக்கு முதல் நாள் அலங்காரக் கடையில் புருவத்தை நூலால் இழைத்துவிட்டு வருவதற்கு நூற்றுக்கணக்கான வெள்ளியை நாமே எண்ணிக் கொடுக்கிறோம். அங்கே வாய் திறக்காத நாம், பிள்ளையின் முன்கையைக் கண்டவுடன் முஃப்தியாகிவிடுகிறோம். இன்னொன்று: மருதாணி ஹலாலென்று சொல்லி, சீக்கிரம் கறுப்பதற்காக ரசாயனச் சாயம் கலந்த 'கறுப்பு மருதாணி'யைப் பெண்பிள்ளைகள் கையில் பூசுகிறார்கள். தலைச்சாயத்தில் போடும் அதே மருந்து அதில் சேர்கிறது. சிலருக்குத் தோல் கொப்புளித்துப் புண்ணாகித் தழும்பு நின்றுவிடுகிறது. இலையை அரைத்துப் பூசினால் சிவக்கும். கறுத்தால் சந்தேகப்பட வேண்டும்.

இனி உளூ விஷயம். பச்சையின் மை தோலின்மேல் பூசப்படுவதல்ல. மேல்தோலைத் தாண்டி உட்தோலில் போய் உட்காருவது. உடம்பிலுள்ள காவல் அணுக்கள் அந்த மையை அந்நியப் பொருளென்று விழுங்கிப் பிடித்துவைக்கின்றன. ஓர் அணு மடிந்தால் அது விட்ட மையை அடுத்த அணு வாங்கிக்கொள்ளுகிறது என்று 2018இல் பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளர்கள் எலிகளிடம் கண்டு எழுதினார்கள். பழைய பேரேட்டின் பாக்கியைப் புதுப் பேரேட்டில் ஏற்றுவதைப் போல! பச்சை ஆயுள் முழுதும் மறையாதிருப்பதன் ரகசியம் அதுதான். ஆகவே உளூவின் தண்ணீர் தோலில் படுவதை அது தடுக்காது. ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் பேசப்படுவது வேறு விஷயம்: குத்தும்போது இரத்தம் மையோடு கலந்து உறைவதால் அவ்விடம் நஜீஸாகிறது, தீங்கில்லாமல் நீக்க முடிந்தால் நீக்க வேண்டும், நீக்கினால் உறுப்புக்குக் கேடு வருமென்று அஞ்சினால் நீக்குவது கடமையல்ல, தௌபாச் செய்தால் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். குத்திக்கொண்டவன் தொழுகையையே விட்டுவிட வேண்டும் என்று எந்த இமாமும் சொன்னதாக நாம் கேட்டதில்லை. ஆனால் அப்படி நம்பித் தொழுகையை விட்ட வாலிபர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாவம் யார் கணக்கில் ஏறும்?

ரௌடிகளின் வேலை என்றவருக்கு: துறைமுகப் பட்டணமான நம் தஞ்சோங்கில் கப்பல்காரர்களையும் ரகசியச் சங்கத்தாரையும் கைப்பச்சையோடு சேர்த்தே நினைத்த காலம் இருந்தது வாஸ்தவம். ஆனால் 1867இல் இதே தெருக்களில் நடந்த பெருங்கலவரத்தில், சீனரின் சங்கங்களோடு சேர்ந்துகொண்டு நம்மவரும் மலாய்க்காரரும் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று பிரிந்து நின்றார்களே! அவர்களை இன்றைக்கும் கொடியின் நிறத்தைக் கொண்டுதான் சொல்லுகிறோம். கையின் பச்சையைக் கொண்டல்ல. தவிர, கேடா, பேராக் தோட்டப்புறங்களில் முன்கையில் பச்சைக்கோலம் சுமந்திருந்த நம் தமிழ்நாட்டு ஆயாக்களைப் பார்த்ததில்லையா? ஊரில் குறத்தி வருவாள். கரியை இலைச்சாற்றில் குழைத்து ஊசியால் குத்துவாள். ஆறினதும் பச்சையாகத் தெரியும். அந்த ஆயாக்களை ரௌடிகள் என்று சொல்ல நாக்கு வருமா?

மூன்றாவது, உத்தியோக விஷயம். இங்கே இரண்டு பக்கக் கணக்கையும் எழுத வேண்டும். வரவை மட்டும் எழுதுகிறவன் வியாபாரியல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில், டாக்டர்கள் சிலர் சில நாட்கள் ஒட்டும் பச்சையோடும், சில நாட்கள் ஒன்றுமில்லாமலும் நோயாளிகளைப் பார்த்தார்கள். 900க்கும் அதிகமான நோயாளிகளிடம் டாக்டரின் திறமையையும் நடத்தையையும் பற்றிக் கேட்டபோது, பச்சை இருந்ததற்காக யாரும் மதிப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்று 2018இல் வெளியிட்டார்கள். பிள்ளை காட்டியது இந்தச் செய்தியைத்தான். இது உண்மை, மறைக்க வேண்டாம். ஆனால் அது அமெரிக்கா. பாலிக் புலாவிலிருந்து பஸ் பிடித்து வந்து, பயத்தோடு கட்டிலில் படுத்திருக்கும் மூதாட்டியின் மனம் எப்படியிருக்கும் என்பதை அந்தக் கணக்கு நமக்குச் சொல்லாது.

மறைத்துக்கொள்ளலாமே என்றால், முன்கையை டாக்டர் மறைக்க முடியாது. கிருமி பரவாதிருக்க முழங்கைக்குக் கீழே சட்டைக் கையோ கடிகாரமோ இருக்கக்கூடாது என்று இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2007இல் விதி வந்தது. நம் ஊரில் 1996இல் பினாங்கு மருத்துவக் கலாசாலை என்று தொடங்கி, 2018 முதல் ஆர்.சி.எஸ்.ஐ.–யூ.சி.டி. மலேசியக் கலாசாலை என்று வழங்கும் நிலையமே அயர்லாந்துக் கலாசாலைகளின் கிளை. இப்படிக் கடல் கடந்து படிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் போகிற பிள்ளைக்கு எந்த நாட்டு ஆஸ்பத்திரியில் எந்த விதி எதிர்ப்படும் என்று முன்கூட்டித் தெரியாது. அறுவைக் கூடத்துக்குள் நுழையுமுன் விரல் நுனியிலிருந்து முழங்கை மட்டும் தேய்த்துக் கழுவ வேண்டும். உளூவின் எல்லையும் அதுதான் என்பதைப் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள்.

இதைவிடப் பெரிய பயம் ஊசியில் இருக்கிறது. சுத்தமற்ற ஊசியாலும் மையாலும் மஞ்சட்காமாலை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் பி, சி கிருமிகள் இரத்தத்தில் ஏறலாம். எய்ட்ஸ் கிருமியும் ஏறலாம். ஒருமுறைக்கு ஒரு ஊசி என்று வைத்து ஒழுங்காக நடத்தும் கடைகளில் இந்த அபாயம் மிகக் குறைவு. அதையும் சொல்லியாக வேண்டும். ஹெப்படைடிஸ் பிக்கு நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1989 முதல் தடுப்பூசி போடுகிறார்கள். சிக்குத் தடுப்பூசி இல்லை. சாதாரண மனிதனுக்கு இது ஒரு நோய், மருந்துண்டு. ஆனால் கத்தி பிடிக்கும் டாக்டருக்கு இது தொழிலையே கட்டிப்போடக்கூடிய விலங்கு. இரத்தத்தில் அக்கிருமி இருக்கிறதாவென்று பரிசோதித்த பின்பே சிலவகை அறுவைகளுக்கு அனுமதிப்பது பல நாடுகளில் வழக்கம். பச்சை குத்தியவர் சில காலத்துக்கு இரத்ததானமும் செய்ய முடியாது. பிறர் உயிரைக் காக்கப் போகிறவன் தன் கதவைத் தானே சாத்திக்கொள்ளலாமா என்று அவனிடம் கேட்டிருந்தால் யோசித்திருப்பான். நாம் கேட்டது ரௌடியா என்று!

வியாபாரத்தில் ஷரீஅத் நமக்குக் கியார் கொடுத்திருக்கிறது. பேசி முடித்த சரக்கையும் மூன்று நாள் வரை யோசித்து, வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையோடு வாங்கலாம். சீலைத்துணி வாங்குவதற்கே இந்தத் தவணை இருக்கிறது. பச்சைக்கு மூன்று நிமிஷக் கியார்கூட இல்லை. லேசர் ஒளியால் நீக்கலாமென்கிறார்கள். பல தடவை போக வேண்டும். குத்திய கூலியைப்போலப் பல மடங்கு செலவாகும். சுவடு முழுதும் போகுமென்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பதினெட்டு வயதில் முடித்த கொள்முதலை நாற்பது வயதில் திருப்ப முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டாலும் பிள்ளையின் கேள்விக்குப் பதிலாகவில்லை. அவன் அலங்காரத்தையா கேட்டான்? வாப்பாவைக் கேட்டான். இ.சி.ஜி. தாள் சூட்டில் அச்சாகும் தாள். நம் கல்லாவில் வெளிவரும் பில்லும் அதே ஜாதிதான். சில காலம் போனால் எழுத்து மங்கிக் கடைசியில் வெறுந்தாள் ஆகிவிடும். வாப்பாவின் கோடு நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே போவதை அவன் பார்க்கிறான். மங்காத இடத்தில் அதை எழுதிவைக்க வேண்டுமென்ற தவிப்புத்தான் தோலைத் தேடிப் போகிறது. இது தெரியாமல் நாம் ஹறாம், ஹறாம் என்று கத்தினால் அவன் காதில் என்ன விழும்?

துக்கம் பாவமல்ல. குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது நாயகம் (ஸல்) அவர்களின் கண்களும் நீர் சிந்தின. கன்னத்தில் அறைந்துகொள்வதையும் சட்டையைக் கிழிப்பதையுந்தான் தடுத்தார்கள். கண்ணுக்குத் துக்கத்தை அனுமதித்த மார்க்கம், உடம்பைச் சேதப்படுத்தும் துக்கத்தை ஜாஹிலிய்யாக் காலத்தோடு விட்டுவிட்டது. மௌத்தானவருக்குப் பின்னும் வரவு நிற்காத மூன்று கணக்குகள் உண்டு என்பதை நாமறிவோம்: நிலைத்து நிற்கும் தர்மம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் பிள்ளை. இந்தப் பிள்ளை ஒருவனே மூன்றாகவும் நிற்கக்கூடியவன். வாப்பாவின் பெயரால் ஏழை நோயாளிக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம். படித்து முடிக்கும் முன்பே தொடங்கலாம். இதற்கு நம் சங்கத்தில் ஒரு சிறு நிதி ஒதுக்கினால் நாமும் அவனோடு நின்றவர்களாவோம். தாளைப் பற்றி நம் கடைக்காரப் புத்திக்குத் தெரிந்த யோசனை ஒன்றுண்டு: மங்குமுன் நகல் எடுத்துச் சட்டம் போட்டு மேஜைமேல் வைத்துக்கொள்ளட்டும். சாதாரண மையில் எடுத்த நகல் அவ்வளவு சுலபத்தில் வெளிறாது.

இன்னும் ஒரு விஷயம். அபூதாவூது கிதாபில் வரும் அறிவிப்பொன்றில், நோயின் காரணமாகவன்றிப் பச்சை குத்துவதே சாபத்துக்குரியது என்ற கருத்து இருக்கிறது. இந்த ஒரு வார்த்தை இக்காலத்தில் எத்தனை பேருக்கு ஆறுதல்! புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைத்தியம் செய்யும்போது, தினமும் கதிர் ஒரே இடத்தில் விழ வேண்டுமென்பதற்காக, தோலில் கடுகளவு மைப்புள்ளிகளைப் பல ஆஸ்பத்திரிகளில் குத்துகிறார்கள். அதுவும் பச்சைதான், அழியாது. நம் வீட்டுப் பெண்ணொருத்தி இதைக் கேட்டுவிட்டு, "மார்க்கம் தடுத்ததாயிற்றே" என்று வைத்தியத்தையே தள்ளிப்போட்டால் உயிர் போய்விடும். இற்றுப்போன கயிற்றை மாற்றிக் கட்டுவது பெட்டிக்குத் துரோகமல்ல. ஆலிம்களிடம் கேட்டால் தயங்காமல் அனுமதிப்பார்கள். நாளைக்கு இந்தப் பிள்ளையே வெள்ளைக் கோட்டோடு நின்று அந்தப் பெண்ணுக்கு இதை எடுத்துச் சொல்லப்போகிறவன். ஆகையால் அவன் இன்றைக்குத் தெரிந்துகொள்ளுவது நல்லது.

அவனிடம் வரும் நோயாளிகளில் பச்சை குத்தியவர்கள் ஏராளமாயிருப்பார்கள். சரவாக்கிலிருந்து வரும் இபான் பெரியவரின் தோள்களில் கத்தரிப்பூ இருக்கும். 'புங்காய் தெரோங்' என்பார்கள். ஊரைவிட்டுத் தூரதேசம் போய்ச் சம்பாதிக்கக் கிளம்பும் வாலிபனுக்கு அவர்கள் குலத்தார் குத்தும் அடையாளம் அது. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது தாயத்துக் கட்டி அனுப்பினார்களல்லவா, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வழி அவர்களுக்கு. அவரைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரின் முகம் சுளிக்கக்கூடாது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்த சகோதரர்கள் பழைய பச்சையோடு பள்ளிக்கு வருகிறார்கள். சட்டைக்கையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு கடைசி ஸஃப்பில் நிற்கிறார்கள். உளூச் செய்யும் ஹவ்ளருகே அவர்கள் கையை நாம் உற்றுப் பார்க்கும் பார்வையே அவர்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களை அறிவீர்கள். ஆரம்பத்திலேயே ஈமான் கொண்டு அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்கள். அந்நாட்டு மருந்து வகைகளையும் அங்கே தெரிந்து வந்தவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் நோயுற்றபோது அத்தகைய மருந்தொன்றைப் புகட்டிய சம்பவத்தில் அவர்கள் பெயர் வருகிறது. அபூபக்கர் (ரலி) அவர்கள் படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போன கைஸ் என்ற தாபிஈ, பக்கத்தில் ஒரு மாது ஈ ஓட்டிக்கொண்டிருந்ததையும், அவர்களுடைய கைகளில் பச்சை குத்தியிருந்ததையும் கண்டதாக அறிவித்திருக்கிறார். அவர்கள்தாம் கலீஃபாவின் மனைவியான இந்த அஸ்மா. அறியாமைக் காலத்தில் குத்தியது என்று ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். கலீஃபா மௌத்தானதும் ஜனாஸாவைக் குளிப்பாட்டியதும் அந்தக் கைகளே. குளிப்பாட்டி முடித்து வெளியே வந்து, அங்கிருந்த முஹாஜிர்களிடம், "நான் நோன்பாளி, இன்று கடுங்குளிர், நானும் குளிக்க வேண்டுமா?" என்ற கருத்தில் கேட்டார்கள். வேண்டியதில்லை என்று அவர்கள் பதில் சொன்னார்கள்.

வஸ்ஸலாம்.